கால்

பாலாற்றுப் பாலத்திலேயே ஆம்னி இடதுபக்கம் இழுத்தது.
காற்று என்று நினைத்தேன்.
மே மாத வேலூரில் ஏது காற்று.
விருதம்பட்டு தாண்டுவதற்குள் நாற்றம் வந்துவிட்டது,
இஸ்திரிப் பெட்டிக்கடியில் மறந்த நைலான் மாதிரி.

இறங்கி நாலு சக்கரத்துக்கும் புறங்கையைக் காட்டினேன்.
மூன்று வெதுவெதுப்பு.
முன்னிடது கிட்டவே விடவில்லை.
பாட்டில் தண்ணீரைத் தெளித்தால்
சுர்ரென்கிறது, தோசைக்கல்.

உள்ளே மால்டாக்காரர், அவர் மனைவி,
மஞ்சள் பையில் ஸ்கேன் படங்கள்.
காட்பாடியில் நாலே காலுக்கு ரயில்.
மணி ஒன்று பத்து.
அவர் பெயர் பரிமல்.
எங்கள் பக்கம் அது பெண் பெயர்.
சொல்லவில்லை.

ஜமீல் பாய் பட்டறை பூட்டியிருந்தது, வெள்ளிக்கிழமை.
நானே ஜாக்கி போட்டேன்.
சக்கரம் அசையவில்லை.
ரெண்டு சந்தேகம்:
காலிப்பரில் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கலாம்,
இல்லை, ஹோஸ் உள்ளுக்குள்ளேயே வீங்கி
போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம்.
வெளியே பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும்.
மஞ்சள் பையில் இருப்பதுபோல
இதற்குப் படம் எடுக்க முடியாது.

முக்கால் மணி ஆறவிட்டு
எட்டாம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
பீச்சியது, கறுப்பாக.
சக்கரம் அப்பாடா என்று சுழன்றது.
பிஸ்டன் இல்லை, ஹோஸ்தான்.

எதிர்க்கடையில் ஹோஸும் ஒரு டப்பா ஆயிலும் கிடைத்தன.
மாட்டிவிட்டு மிதித்தால்
பெடல் தரைவரை போகிறது, ஈர மாவில் வைத்த மாதிரி.
லைனுக்குள் காற்று.
ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும், அவ்வளவுதான் சங்கதி.
காற்றுக்குக் கால் என்றும் ஒரு பெயர் உண்டு,
பரீட்சையில் எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஏர் எடுக்க ரெண்டு பேர் வேண்டும்.
ஒருத்தர் மேலே, ஒருத்தர் அடியில்.
நான் கூப்பிடவில்லை.
பரிமல் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு
டிரைவர் சீட்டில் ஏறினார்.

ஏழு வருஷ ஓட்டத்தில் எனக்கு வங்காளம் எட்டுச் சொல்:
எவ்வளவு, மருந்து, எங்கே வலி, இப்படி.
பிடி, விடு, அதில் இல்லை.
புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்த அந்தம்மாதான்
என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
தொரோ. பிடித்தார்.
நிப்பிளைத் திறந்தேன், மூடினேன்.
சாரோ. விட்டார்.
நோயாளிக் குரல் இல்லை அது,
கண்டக்டர் குரல்.

பின்னிடது முதலில், தூரம் அதுக்குத்தான் அதிகம்.
பிறகு பின்வலது.
ட்யூப் வழியாக பொவன்டோ பாட்டிலில்
குமிழ் குமிழாக இறங்கியது.
நடுநடுவே எழுந்து டேங்கில் ஆயில் ஊற்ற வேண்டும்,
அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

முன்னிடதில், நான் மூடுவதற்குள்
அவர் பாதத்தை எடுத்துவிட்டார்.
உறிஞ்சிக்கொண்டது, மறுபடி காற்று.
கால்! கால்! என்று கத்தினேன்.

மேலே சத்தமில்லை.
அப்புறம் மெல்ல,
‘கால் நா, தாதா. ஆஜ். ஆஜ்.’

அவர்களுக்குக் கால் என்றால் நாளை.
நேற்றும் அதேதானாம்.
எத்தனை கவுன்ட்டரில் கேட்டிருப்பார் அந்தச் சொல்லை.

ஊர்ந்து வெளியே வந்து
அவர் பாதத்தைத் தொட்டுக் காட்டினேன், இது.
பதறி இழுத்துக்கொண்டார்.
அந்தம்மா சிரித்துவிட்டார்.
ஆறு நாளாக ஏற்றி இறக்குகிறேன், பல்லைப் பார்த்ததில்லை.

மூன்றே முக்காலுக்குப் பெடல் கல் மாதிரி நின்றது.
கையெல்லாம் ஆயில், சட்டையில் துடைத்தேன்.

காட்பாடி கூட்ரோட்டில் லாரி குறுக்கே வந்தது. மிதித்தேன்.
நேராக நின்றது வண்டி, இழுக்கவில்லை.
பக்கத்து சீட்டில்
பெடல் எதுவும் இல்லாத மேட்டின்மேல்
பரிமலும் மிதித்துக்கொண்டிருந்தார்,
செருப்பில்லாமல்.
செருப்பு விருதம்பட்டில்.